பூண்டியும் எழும்பூரும்



ஐரோப்பாவுக்குச் சென்று மீண்டவர்கள் எழுதிய பயண நூல்களுள் ஒன்றிரண்டையேனும் நீங்கள் படித்திருப்பீர்கள். பாரிசு மாநகரைப் பற்றி எழுதுகிறவர் எவராயினும், லூவர் என்னும் பெரும் பொருட்காட்சிச்சாலைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்காமல் விடுவதில்லை. பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்தபோதே, 1793ஆம் ஆண்டில், அரசருக்கு உரியதாயிருந்த அரண்மனை பொதுமக்கள் கண்டு களிக்கும் கலைக்கூடமாகத் திறந்துவிடப்பட்டது என்ற செய்தியை அவர் சொல்லுவார். படிக்கும் நாமும் வியந்து, அத்தகைய இடங்களுக்குச் செல்லும் பேறு நமக்கு என்று வாய்க்குமோ என்று ஏங்குவோம். அந்த ஏக்கம் தவறன்று. ஆனால் அதே பாரிசிலும் அதன் அருகிலும் உள்ள வேறு இரண்டு காட்சிச்சாலைகளுக்கும் நம்முடைய திருவள்ளூர் வட்டாரத்துக்கும் இடையே ஒரு தொடர்பு உண்டு. பயண நூல்கள் அதைச் சொல்வதில்லை. இன்று அதைப் பற்றியே பேசலாம் என்று எண்ணுகிறேன். திருவள்ளூரிலும், பொன்னேரியிலும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களிலும் படிக்கும் மாணவர்களை மனத்தில் கொண்டே பேசுகிறேன். மற்ற மாவட்டத்தாரும் கேட்கலாம்.

முதலில் ஒரு கல்லின் கதை.

பிரான்சு நாட்டின் வடபகுதியில் சோம் என்றோர் ஆறு ஓடுகிறது. அதன் கரையில் அப்பெவில் என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் சுங்கத்துறை அதிகாரியாக இருந்த பூஷே த பெர்த் என்பவர், ஆற்றங்கரைச் சரளைக் குழிகளிலிருந்து மனிதர் கையால் செதுக்கப்பட்ட கற்களைப் பல ஆண்டுகள் திரட்டினார். அழிந்துபோன விலங்குகளின் எலும்புகள் கிடைத்த அதே மண்ணடுக்கில் இக்கற்களும் கிடைத்தன. ஆகவே, அவ்விலங்குகள் வாழ்ந்த பழங்காலத்திலேயே மனிதனும் வாழ்ந்தான் என்று அவர் வாதிட்டார். கற்றோர் அவரை நெடுங்காலம் மதிக்கவில்லை. அலுவலக நேரம் போக மீந்த பொழுதில் கல் பொறுக்கும் சுங்க அதிகாரியின் சொல்லை யார் கேட்பார்கள்? 1859ஆம் ஆண்டில் பிரெஸ்ட்விச், எவன்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் நேரில் சென்று அக்குழிகளை ஆராய்ந்து, அவர் சொன்னது மெய்யே என்று அறிவித்த பிறகே உலகம் ஒப்புக்கொண்டது. அவர் திரட்டிய கற்களில் ஒரு பகுதி, பாரிசுக்கு அருகே ஸான் ஜெர்மன் ஆன் லே என்னும் ஊரின் பழைய அரண்மனையில் 1867ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தேசியத் தொல்பொருட் காட்சிச்சாலையைச் சேர்ந்தது.

இந்தச் செய்தி கடல் கடந்து சென்னைக்கும் வந்தது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் இளைஞர், 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், பல்லாவரத்தில் படைவீட்டை அடுத்துச் சரளை தோண்டிய குழி ஒன்றில் கிடந்த ஒரு கல்லைக் கையில் எடுத்தார். அது இயற்கையாக உடைந்த கல் அன்று. இருபுறமும் சில்லுகள் பெயர்த்து, நுனி கூராக்கி, கையில் பிடிப்பதற்கேற்ப அமைக்கப்பட்ட கைக்கோடரி. அக்குழியில் அதற்கு முன்பும் எத்தனையோ பேர் மண்வெட்டி பிடித்திருப்பார்கள். அவர்கள் கண்ணிலும் இத்தகைய கற்கள் பட்டிருக்கும். சோம் நதிக்கரைச் செய்தியை அறிந்திருந்தவர் கண்ணுக்கே அது கருவி என்று தெரிந்தது. இந்தியாவில் பழைய கற்கால மனிதனைப் பற்றிய ஆராய்ச்சி அன்று தொடங்கியது எனலாம்.

அதே ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஃபூட்டும், அவருடன் பணியாற்றிய வில்லியம் கிங் என்பவரும் வடமேற்காகப் பயணம் செய்து, கொசஸ்தலையாற்றில் கலக்கும் ஓர் ஓடைக்கரையை அடைந்தனர். அங்கே ஒன்றன்று, பத்தன்று; கைக்கோடரிகளும் வெட்டுக் கருவிகளும் நிறையக் கிடந்தன. அந்த இடந்தான் அதிரம்பாக்கம். பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகில் உள்ளது. நம் மாவட்டத்து ஊர்.

அதிரம்பாக்கத்தின் பெயரை நீங்கள் பாடநூலில் படித்துத் தேர்விலும் எழுதியிருப்பீர்கள். இவ்வகைக் கருவிகளைச் செய்த மரபுக்கு மதராஸ் கற்கருவித் தொழிலகம் என்று அறிஞர்கள் பெயரிட்டனர். தொழிலகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் புகைபோக்கியும் சங்கொலியும் நினைவுக்கு வரும் கும்மிடிப்பூண்டி மாணவர்க்கு இது சற்று வேடிக்கையாக இருக்கலாம். ஆயினும் அச்சொல் பொருத்தமானதே. மூலப்பொருளைத் தேர்ந்தெடுத்தல், வேண்டிய அளவில் பெரிய சில்லைப் பெயர்த்தல், ஓரங்களைச் சீர்செய்தல் என்று ஒழுங்கான படிநிலைகள் இருந்தன. அவை தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கவும் பட்டன. குவார்ட்சைட் என்னும் கடினமான கல்லே பெரும்பாலும் மூலப்பொருள். இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அதிரம்பாக்கத்தின் அடிமட்டத்தில் கருவிகள் கிடைத்த படிவு களிமண் படிவு. அத்தகைய மண்ணில் பெருங்கற்கள் இயல்பாகக் கிடைப்பதில்லை. ஆதலால் அங்கிருந்த மனிதர் வேறிடத்தில் கல்லை உடைத்துப் பெருஞ்சில்லுகளாகக் கொண்டு வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர் முடிவு செய்தனர். மூலப்பொருள் ஓரிடத்தில், பட்டறை வேறிடத்தில்! இன்றைய தொழிற்பேட்டையின் முறையும் அதுதானே.

1999ஆம் ஆண்டு தொடங்கி, சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் அவ்விடத்தை முறையாக அகழ்ந்து ஆராய்ந்தனர். அவர்களும் பிரான்சு நாட்டு அறிஞர் சிலரும் சேர்ந்து கண்ட முடிவு 2011ஆம் ஆண்டில் வெளியாயிற்று: அடிமட்டத்துக் கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை. இதை எவ்வாறு கணக்கிட்டார்கள் என்று அறிவியல் மாணவர் கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். விண்ணிலிருந்து இடைவிடாது பொழியும் கதிர்கள், நிலத்தின் மேற்பரப்பில் கிடக்கும் கற்களினுள்ளே சில அரிய அணுவகைகளை உண்டாக்குகின்றன. கல் மண்ணுக்குள் ஆழப் புதைந்தபின் கதிர்கள் அதனை எட்டுவதில்லை. முன்னர் உண்டான அணுக்கள் மட்டும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சிதைந்து குறைகின்றன. எஞ்சியிருப்பதை அளந்தால் கல் எவ்வளவு காலம் புதைந்து கிடந்தது என்று கணக்கிடலாம். இதனோடு இன்னொரு சான்றும் உண்டு. பூமியின் காந்தப்புலம் பண்டைக் காலத்தில் பலமுறை வடக்குத் தெற்காகத் திசை மாறியிருக்கிறது. இறுதியாக மாறியது ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு. அதிரம்பாக்கத்தின் அடிமட்ட மண் அதற்கு முற்பட்ட காந்தத் திசையைக் காட்டுகிறது. இருவேறு வழிகளில் சென்றும் கிடைத்த விடைகள் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை.

2018ஆம் ஆண்டில் மற்றொரு முடிவு வெளியாயிற்று. பருமனான கைக்கோடரிகளை விட்டுச் சிறிய, நுட்பமான கருவிகளைச் செய்யும் இடைப் பழங்கற்காலப் பண்பாடு அதே இடத்தில் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தலையெடுத்தது என்பது அதன் சாரம். அம்மாற்றம் இந்தியாவுக்கு மிகப் பிற்காலத்தில், வெளியிலிருந்து வந்தவர்களால் ஏற்பட்டது என்று அதுவரை பலர் கருதி வந்தனர். ஓடைக்கரைச் சிற்றூர் ஒன்று அக்கருத்தை மறு ஆராய்ச்சிக்கு உள்ளாக்கிவிட்டது.

இவ்வளவையும் விரித்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பூண்டியில், நீர்த்தேக்கத்தின் அருகே, தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1985ஆம் ஆண்டில் நிறுவிய அகழ்வைப்பகம் ஒன்று இருக்கிறது. சிறிய கட்டடம். நீர்த்தேக்கத்தைக் காண வருகிற கூட்டத்தில் பெரும்பகுதி அதைக் கவனியாமலே கடந்து போகிறது. உள்ளே நுழைந்தவர்களிலும் பலர், கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் கற்களைப் பார்த்துவிட்டு, கல்தானே என்று இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல இயலாது. கதை தெரியாதவனுக்கு அது கல்தான். கதை தெரிந்து செல்லும் மாணவன், ஒரே ஒரு கைக்கோடரியின் முன் நின்று எத்தனை சில்லுகள் பெயர்த்திருக்கிறார்கள், எந்த முனையை உள்ளங்கையில் வைத்திருப்பார்கள், எந்த ஓரம் வெட்டும் ஓரம் என்று பார்ப்பான். பென்சிலால் அதை ஒரு தாளில் வரைந்து பார்ப்பான். வரையும்போது தெரிவது வெறுமனே பார்க்கும்போது தெரிவதில்லை. நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் மாணவர்களை அங்கு அழைத்துச் செல்லும்போது, ஆளுக்கொரு கல்லைத் தேர்ந்து வரைய வேண்டும் என்பது ஒன்றே விதி. சத்தம் போடுகிற வகுப்பும் அங்கே அரைமணி நேரம் அடங்கியிருக்கும்.

பூண்டி நீர்த்தேக்கம் 1944ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. சென்னை நகரின் குடிநீருக்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயர் தாங்கியது. அது நிரம்பியபோது, தேவாரப் பாடல் பெற்ற திருவெண்பாக்கத்தின் பழைய கோயிலிருந்த இடம் நீருக்குள் சென்றது. கோயிலைப் பூண்டியில் புதிதாகக் கட்டினார்கள். இப்படி ஒன்றைப் பெற ஒன்றை விடுவது இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று.

இன்று விடப்படுவது எது என்பதே என் கவலை. கற்கருவிகள் கிடைப்பது அதிரம்பாக்கத்தில் மட்டுமன்று. குடியம் மலைக்குகைகள் முதல் வடமதுரை வரை, செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டுநிலங்கள் பலவற்றில் அவை கிடைத்திருக்கின்றன. அந்தச் சரளையும் சவுடும் சாலை போடவும், மனை நிரவவும், ஆலைக்கு அடித்தளம் அமைக்கவும் வெட்டி எடுக்கப்படுகின்றன. ஆலைகள் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கும்மிடிப்பூண்டியின் ஆலைகளால் அடுப்பெரியும் வீடுகள் எத்தனையோ உண்டு. ஆனால் 15 இலட்சம் ஆண்டுகளாக ஒரே இடத்தில் கிடந்த மண்ணடுக்கு ஒரு பகற்பொழுதில் லாரிகளில் ஏறிவிட்டால், அதை மீண்டும் எந்தச் செலவிலும் அடுக்க முடியாது. தோண்டுவதற்கு முன் பயிற்சி பெற்ற கண் ஒன்று அந்நிலத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதே நான் வேண்டுவது.

இன்னொரு தீங்கும் உண்டு. அதைச் செய்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். பழைய கல் கிடைக்குமிடம் என்று கேள்விப்பட்டுச் சென்று, இரண்டொன்றைப் பையில் போட்டுக்கொண்டு வருவது! சற்றுமுன் சொன்ன காலக் கணக்கை நினைத்துப் பாருங்கள். கல் எந்த மண்ணடுக்கில், எவ்வளவு ஆழத்தில், எதனோடு கிடந்தது என்பதைக் கொண்டல்லவா அத்தனையும் கணக்கிட்டார்கள்? இடத்தை விட்டுப் பெயர்த்தெடுத்த கல் வீட்டு அலமாரியில் அழகாக இருக்கலாம். ஆய்வாளருக்கு அது பேசாது. ஆகவே கண்டால் தொடாதீர்கள். இருக்கிற நிலையிலேயே நிழற்படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, ஆசிரியர் வழியாகப் பூண்டி அகழ்வைப்பகத்துக்குத் தெரிவியுங்கள். குடியம் குகைகள் காட்டுக்குள் இருக்கின்றன. உரிய அனுமதியும் பெரியவர்கள் துணையும் இல்லாமல் போகவேண்டா.

இனி எழும்பூருக்குப் போவோம்.

சென்னை அரசு பொருட்காட்சிச்சாலை 1851ஆம் ஆண்டில் தொடங்கியது. கல்கத்தாவில் உள்ளதற்கு அடுத்தபடியாக இந்நாட்டில் பழமையானது இதுவே. எட்வர்டு பால்பர் என்னும் மருத்துவர் அதன் முதல் பொறுப்பாளர். தொடக்கத்தில் அது நுங்கம்பாக்கத்தில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி என்று பெயர்பெற்ற கட்டடத்தில் இருந்தது. பிறகே எழும்பூரில் பாந்தியன் சாலைக்கு வந்தது. பால்பர் அங்கே உயிருள்ள விலங்குகளையும் வைத்து வளர்த்தார். அவற்றைப் பின்னர்ப் பூங்கா நகருக்கு மாற்றினார்கள். சென்னை மக்கள் இவ்விரண்டுக்கும் தாமே பெயர் சூட்டினர். விலங்குக் காட்சிச்சாலை ‘உயிர் காலேஜ்’. பாடம் செய்த விலங்குகள் நிற்கும் பொருட்காட்சிச்சாலை ‘செத்த காலேஜ்’! கல்லூரிக் கட்டடத்தில் தொடங்கிய காரணத்தால் காலேஜ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது என்பர். எழுத்தறியாத கிராமத்தாரும் அதைக் காலேஜ் என்றே மதித்து வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தனர் என்பது எனக்குப் பெருமையாகவே தோன்றுகிறது.

புரூஸ் ஃபூட் வாழ்நாளெல்லாம் திரட்டிய கற்கருவிகளும் மட்கலங்களும் 1904ஆம் ஆண்டில் இக்காட்சிச்சாலைக்கு வந்து சேர்ந்தன. எப்பொருள் எவ்வூரில் கிடைத்தது என்று அவர் ஊர்வாரியாக எழுதிய அட்டவணை, அவர் மறைந்தபின் அச்சேறியது. பூண்டியில் பார்த்த கண்ணோடு இங்குள்ள கற்களையும் பாருங்கள்.

ஆனால் திருவள்ளூர் மாணவன் எழும்பூருக்குச் செல்வதற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அது வெண்கலக் கூடத்தில் நிற்கும் திருவாலங்காட்டு நடராசர்.

திருவாலங்காடு நம் மாவட்டத்து ஊர். திருவள்ளூரிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் அதன் பெயரால் ஒரு நிலையமும் உண்டு. ஐந்து சபைகளுள் இரத்தின சபை அங்கே இருக்கிறது. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து சென்ற தலம் என்று போற்றுவர். இராசேந்திர சோழன் காலத்துப் புகழ்பெற்ற செப்பேடுகள், 31 ஏடுகள் ஒரே வளையத்தில் கோத்தவை, 1905ஆம் ஆண்டில் அங்கே வெளிப்பட்டன. பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டு இறைவனுக்கு அளித்த செய்தியும், சோழர் குலவரிசையும், கங்கையும் கடாரமும் வென்ற செய்தியும் அவற்றால் தெரியவருகின்றன. அத்தகைய ஊரிலிருந்து வந்த திருமேனி இது. ஏறத்தாழ நான்கடி உயரம். 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். சுற்றிலும் சுடர்விடும் திருவாசி இப்பொழுது இல்லை. அது இல்லாததே ஒருவகையில் நல்லதாயிற்று என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வளையத்தின் துணையில்லாமல், ஊன்றிய ஒரு காலின் மேல் உடலின் முழு எடையும் எவ்வாறு நிலைபெறுகிறது என்பதை மறைப்பின்றிக் காணலாம்.

இத்திருமேனியின் நிழற்படங்கள் சில பாரிசில் ஒகுஸ்த் ரொதேன் என்னும் சிற்பியின் கைக்குச் சென்றன. அக்காலத்து ஐரோப்பியச் சிற்பிகளுள் தலைசிறந்தவர் அவர். வாழ்நாள் முழுதும் மனித உடலின் அசைவைக் களிமண்ணிலும் வெண்கலத்திலும் பிடிக்க முயன்றவர். இந்தியாவுக்கு அவர் வந்ததில்லை. சிலையை நேரில் கண்டதுமில்லை. படங்களை மட்டும் வைத்துக்கொண்டு, உதடு, தோள், கை, கால் என்று ஒவ்வோர் உறுப்பாக நின்று நின்று நோக்கி ஒரு கட்டுரை எழுதினார். 1917ஆம் ஆண்டு அவர் மறைந்தார். ஆனந்த குமாரசாமி முதலியோர் எழுதியவற்றோடு சேர்ந்து அக்கட்டுரை 1921ஆம் ஆண்டில் பாரிசில் வெளிவந்தது. அவர் இறுதிக் காலத்தில் தங்கிப் பணிசெய்த மாளிகை 1919ஆம் ஆண்டு முதல் ரொதேன் காட்சிச்சாலையாக விளங்குகிறது. உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் அதைக் காணச் செல்கின்றனர். நான் முதலில் குறிப்பிட்ட இரண்டாவது காட்சிச்சாலை அதுவே. அந்தப் பெரியவர் படத்தில் மட்டும் பார்த்ததை, நீங்கள் மின்வண்டிச் சீட்டு ஒன்று வாங்கி நேரில் பார்க்கலாம். சுற்றி வந்து பின்புறத்தையும் பார்க்கலாம்.

வார்ப்பாலைகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பயிலும் மாணவர்கள் இங்கே இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை மெழுகு வார்ப்பு முறையில் செய்தவை. முதலில் உருவம் முழுவதையும், விரல் நகம், அணிகலன் உட்பட, மெழுகில் செய்கிறார்கள். அதன்மேல் நுண்ணிய வண்டல் மண்ணை முதலிலும், சற்றுக் கனத்த மண்ணைப் பின்னரும் பூசி, காயவைத்துச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண்ணை உடைத்தெடுக்கிறார்கள். வார்ப்பச்சு ஒருமுறைதான் பயன்படும். ஆகவே இதுபோல் மற்றொன்று என்பது கிடையாது. உள்ளே கூடில்லாத கனவார்ப்பு இது. இத்தனை உயரத்துக்கு, தூக்கிய காலும் வீசிய கையும் இடையில் உறைந்து நின்றுவிடாமல் உலோகம் ஓடிச் சேர, எங்கெங்கே வாய்வழி வைத்திருப்பார்கள் என்று உங்கள் பட்டறை ஆசிரியரைக் கேட்டுப் பாருங்கள். அவரும் சற்று யோசித்தே விடை சொல்வார். சுவாமிமலையில் இக்கலை இன்றும் நடைபெறுகிறது.

வணங்கத்தக்க திருமேனியைக் கண்ணாடிக்குள் வைக்கலாமா என்று ஒரு மாணவி ஒருமுறை என்னைக் கேட்டாள். நியாயமான கேள்வி. இக்கூடத்தில் உள்ள திருமேனிகள் பல, படையெடுப்புக்கு அஞ்சி மண்ணில் புதைக்கப்பட்டு, பிற்காலத்தில் உழும்போதும் கடைக்கால் தோண்டும்போதும் வெளிப்பட்டவை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். அவ்வழியே பல இங்கு வந்தன. வராதவற்றில் சில உருக்கப்பட்டன. சில கடல் கடந்து விற்கப்பட்டன. எந்தக் கோயிலுக்கு உரியது என்று உறுதியாகத் தெரிந்து, காப்பும் வழிபாடும் அங்கே உண்டு என்றால், திரும்பச் செல்வதே முறை என்பது என் கருத்து. காட்சிச்சாலை நண்பர்கள் சிலர் இதை ஒப்புவதில்லை. ஆனால் காட்சிச்சாலை என்ற ஒன்று இல்லாதிருந்தால் திருப்பிக் கொடுப்பதற்கே பொருள் மிஞ்சியிருக்காது என்பதை இரு தரப்பாரும் ஒப்புவர்.

அமராவதிச் சலவைக்கற் சிற்பங்களும் எழும்பூரில் இருக்கின்றன. 1845ஆம் ஆண்டில் வால்டர் எலியட் தோண்டியெடுத்துச் சென்னைக்கு அனுப்பியவற்றுள் ஒரு பகுதி 1859ஆம் ஆண்டில் இலண்டனுக்குக் கொண்டுபோகப்பட்டது. ஒரே தூபியின் உறுப்புகள் இன்று இரு கண்டங்களில் நிற்கின்றன. இலண்டன் செல்லும் வாய்ப்பு உங்களில் யாருக்கேனும் கிடைத்தால், எழும்பூரில் பார்த்ததன் மற்றப் பாதியைப் பார்க்கப் பிரிட்டிஷ் காட்சிச்சாலைக்குச் செல்லுங்கள். முதற்பாதியைப் பாராமல் சென்றால் அங்கே புரிவது குறைவு.

கோட்டைக்குள் உள்ள காட்சிச்சாலை 1948ஆம் ஆண்டில் ஏற்பட்டது. ஆடைகள், பதக்கங்கள், துப்பாக்கிகள், ஆளுநர் படங்கள் என்று அங்கே உள்ளவை பெரும்பாலும் கும்பினி ஆட்சியின் நினைவுகள். ஒன்றை மட்டும் நின்று பாருங்கள்: 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் அக்கோட்டையில் ஏற்றிய பட்டுக்கொடி. வில்லிவாக்கத்தை அடுத்து, பெரம்பூர் இரயில்பெட்டித் தொழிற்சாலையைச் சார்ந்த இருப்புப்பாதைக் காட்சிச்சாலை பொறியியல் மாணவர்க்கு ஏற்றது. திருவள்ளூரிலிருந்து வருகிறவர்களுக்கு வழியிலேயே இருக்கிறது.

கும்மிடிப்பூண்டித் தடத்தில் வருகிறவர்களுக்கும் வழியில் ஒன்று உண்டு. பொன்னேரியில் இறங்கிப் பழவேற்காடு சென்றால், டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தைக் காணலாம். 1613ஆம் ஆண்டில் அவர்கள் அங்கே கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினார்கள். சென்னைப் பட்டினம் தோன்றுவதற்கு 26 ஆண்டுகளுக்கு முன்பு. சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வாணிகத்துக்குப் பழவேற்காடே நெடுங்காலம் தலைமையிடம். நம் நெசவாளர் நெய்த துணி அங்கிருந்து கப்பலேறியது. கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. கல்லறைகள் மட்டும் பிழைத்திருக்கின்றன. வாயிலின் இருபுறமும் மனித எலும்புக்கூட்டைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கூரையும் சுவரும் இல்லாத இந்தக் காட்சிச்சாலைக்குக் கட்டணமும் இல்லை.

இவை அனைத்தையும் ஒரே நாளில் பார்த்துவிட எண்ணாதீர்கள். பூண்டிக்கு ஒரு நாள். எழும்பூருக்கு ஒரு நாள். பழவேற்காட்டுக்கு ஒரு நாள். எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று சென்று பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய பள்ளிகள் உண்டு. ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டு போங்கள். காலையில் கதவு திறந்தவுடன் நேரே வெண்கலக் கூடத்துக்குச் செல்லுங்கள். பாடம் செய்த விலங்குகளையும் திமிங்கில எலும்பையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பதினொரு மணிக்கெல்லாம் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிடும். அதற்குள் நடராசரோடு ஒரு மணி நேரம் தனியாக இருக்கலாம்.